மந்திரவாதி வராத கதை

இன்று முற்பகல் புவனகிரியில் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கடைத் தொலைக்காட்சியில் நீ கதை எழுதிய படம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்தவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு, "இரு மாமா, அந்தப் பொண்ணு ஜன்னலத் தொறக்கப் போவுது" என்று கடைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைக்காரரும் கத்தியோடு திரும்பி நின்றுவிட்டார். கன்னத்தில் நுரை காய்ந்தது. அங்கே யாருக்கும் உன் பெயர் தெரியாது. நானும் சொல்லவில்லை. "பேரு போடும்போதுதான் மச்சான் ஜனங்க முறுக்கு வாங்கப் போறாங்க" என்று சிரிப்பவனாயிற்றே நீ.

பேய்ப்படமும் எதிர்காலக் கதையும் எழுதியே பிழைத்தாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால் உன்னோடு பூசை பார்த்தவர்கள் விடமாட்டார்கள். "என்னா மாமா, பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட எத்தன பேயச் சொன்ன?" நீ முகம் மாறாமல், "பாதியிலேயே சாமியாரு எழுந்து ஓடிட்டாருப்பா" என்பாய்.

உன் வேலைமுறை வேறு யாரிடமும் நான் பார்க்காதது. "இருட்டுல எவன் வேணா பயமுறுத்துவான். உச்சி வெயில்ல பயமுறுத்தணும்" என்பாய். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஏறி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, முன்னிருக்கைக்கும் கேட்கிற குரலில் ஒரு காட்சியைச் சொல்வாய். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் காட்சி தேறிவிட்டது. தூங்கிவிட்டால் அதை எழுதவே மாட்டாய். மீன் கூடையோடு வந்த ஓர் அம்மா ஒருநாள் நம்மிடம் சண்டைக்கே வந்தார். "புதுச்சத்திரத்துல எறங்க வேண்டியவ, உன் கதையக் கேட்டு முட்லூருக்கு வந்துட்டேன். அந்தப் புள்ள செத்துச்சா, பொழச்சுச்சா? அதயாச்சும் சொல்லித் தொல!" அன்று நீ சிதம்பரம் வரைக்கும் பாடிக்கொண்டே வந்தாய்.

ஆனால் உன் கதைகள் சென்னைக்குப் போனதும் மாறிவிடும். எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு மந்திரவாதி வந்துவிடுவார். வேற்றுக் கிரகத்திலிருந்து இறங்கிய ஒன்றைக்கூட வேப்பிலை அடித்துத்தான் விரட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நீ இரண்டு நாள் பேருந்திலேயே ஏறவில்லை.

அதன்பிறகுதான் இன்று கடையில் ஓடிய படத்தின் கதை. இனி வரப்போகும் ஏதோ ஒரு காலத்தில் ஓர் ஊர். தினமும் நடுப்பகலில் எல்லோரும் ஜன்னல்களை மூடுகிறார்கள். ஏன் என்று யாருக்கும் நினைவில்லை. வெளியூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி ஒருநாள் திறந்து பார்க்கிறாள். கதையைக் கேட்ட தயாரிப்பாளர், "பேய் எங்கய்யா? டிக்கெட் எடுத்து வர்றவனுக்குப் பேயக் காட்ட வேணாமா? ஒரு மந்திரவாதியப் போடு, செய்யலாம்" என்றார். நீ மறுத்துவிட்டு ஊருக்கு வந்தாய். "இது நடக்கலன்னா எழுத்த விட்டுடறேன் மச்சான். சிதம்பரத்துல மாமனாரு ஹார்டுவேர் கடைல ஆணி நிறுத்துப் போடறேன்" என்றாய். நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடையில் உனக்கென்று ஒரு மேசைகூடப் போட்டாயிற்று என்று உன் மனைவி என்னிடம் சொன்னார்.

அடுத்த மாதம் அந்தத் தயாரிப்பாளர் நடராசர் தரிசனத்துக்கு வந்தார். நீ போய் எப்படியோ பேசி, "கார் பின்னாடி வரட்டும் சார்" என்று அவரைக் கடலூர்ப் பேருந்தில் ஏற்றிவிட்டாய். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நீ, பின்னிருக்கையில் நான். கதையைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் காற்று வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

கடலூர் நெருங்கியது. ரசாயன ஆலைகள் இருக்கும் தொழிற்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், எப்போதும்போல, முதல் ஜன்னல் ஷட்டர் இறங்கியது. அப்புறம் எதிர்வரிசையில் ஒன்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே இறக்கினார்கள். தூக்கத்திலிருந்த ஒருவர் கண் திறக்காமல் கையை மட்டும் நீட்டி இறக்கினார். நம் ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம். என்றைக்கோ ஆலைகளின் வாடை மூக்கைத் துளைத்தது, மூடினோம், இன்னும் மூடுகிறோம். அன்றைக்கு வாடையே இல்லை. பேருந்து அரையிருட்டானது. தயாரிப்பாளர் சுற்றிலும் பார்த்தார். பிறகு அவரும் தன் ஷட்டரை இறக்கினார்.

"இப்ப ஏன் சார் மூடுனீங்க?" என்று கேட்டாய்.

"எல்லாரும் மூடறாங்களேய்யா."

"அவுங்க ஏன் மூடறாங்க?"

அவர் மூடியிருந்த ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தார். கை இன்னும் ஷட்டரின் மேலேயே இருந்தது.

"அதான் சார் பேய்" என்றாய்.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்தார். "யோவ், எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுய்யா" என்றார். நடத்துநர் வந்து, "என்னா சார், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டது உனக்கு எவ்வளவு பெருமை!

மந்திரவாதி இல்லாமலே அவர் எடுத்த படம் வந்த அன்று கடலூரில் பகல் காட்சிக்குப் போனோம். அந்தப் பெண் ஜன்னலைத் திறக்கும் கட்டம் நெருங்கியபோது நீ என் கையைப் பிடித்தாய். உன் கை சில்லென்றிருந்தது. வாழ்நாளெல்லாம் பிறரைப் பயமுறுத்தி எழுதியவன், சனங்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தாய். யாரும் சிரிக்கவில்லை. நம் வரிசையில் ஒரு பெண் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீ அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குமேல் உனக்கு விருது எதுவும் தேவைப்படவில்லை. ஆணி நிறுக்கவும் போகவில்லை. கடைசிவரை எழுதினாய், நிறைவாகப் போய்ச் சேர்ந்தாய்.

நான் இன்னும் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்புவதற்கு முன், படிக்கப்போகிறவர் நம்புவாரா என்று ஒரு கணம் என் கை சில்லிடுகிறது. முன்பெல்லாம் அப்படி இல்லை, எழுதினால் எழுதியதுதான். இது அந்தக் கொட்டகையில் உன் கையிலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. இது என்னை விட்டுப் போகட்டும் என்று நான் நினைத்ததே இல்லை.