சனிக்கிழமைகளில் மட்டும் ஈயம்

இன்று காலை அமிலத் தொட்டியைக் கழுவும்போது அதன் மூடியில் நீ ஒட்டியிருந்த காகிதம் என் கையோடு உரிந்து வந்துவிட்டது. "கை வெச்சா கை இருக்காது" என்று தமிழில் எழுதியிருந்தாய், ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து. இந்த ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாம் இருவர் மட்டும்தான். யாருக்காக எழுதுகிறாய் என்று அன்று கேட்டேன். "உனக்குத்தான். நீதானே எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கற" என்று சிரித்தாய். அமில ஆவி பட்டு மை வெளிறிவிட்டது. குப்பைக் கூடையில் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து எடுத்துத் துடைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அது முன்பு உன் மேசை.

உன்மேல் எனக்குப் பொறாமை. "இருந்தது" என்று எழுதிப் பார்த்தேன், கை ஒத்துழைக்கவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில் இங்கே பயிற்சிக்குச் சேர்ந்தோம். நீ வசதியானவர்கள் வாழும் ஔந்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தாய். நான் போபோடியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தேன். உன் அப்பா அம்மா இருவரும் கணினி வேலையில் இருந்தார்கள். என் அப்பாவுக்குத் தொழிற்சாலை கேன்டீனில் வேலை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வகத் தலைவரான மேடம் கேள்வி கேட்டால் பதில் எனக்கும் தெரியும், ஆனால் அதை ஆங்கிலத்தில் அடுக்கி முடிப்பதற்குள் நீ சொல்லி முடித்திருப்பாய். தவறாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வாய். தவறாகச் சொல்லிவிட்டுச் சிரிக்க முடிகிறதே, அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆற்று நீர், வயல் மண், மஞ்சள்தூள், பொம்மையின் பெயிண்ட் என்று என்னென்னவோ நம்மிடம் வரும். அவற்றில் ஈயம், குரோமியம், காட்மியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் கருவி காட்டிவிடும். "ஈயம் ரொம்ப ஸ்மார்ட். எலும்பு அத கால்சியம்னு நெனச்சு உள்ள விட்டுடும், அப்புறம் வருஷக்கணக்கா வெளிய போகாது" என்று ஒருமுறை ஆய்வகம் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கினாய். அதே பாடத்தை நானும் படித்திருந்தேன். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

ஒரு வருடப் பயிற்சி முடிந்ததும் உலோகச் சோதனை மேசையை நம்மில் ஒருவருக்குத்தான் நிரந்தரமாகத் தருவார்கள் என்று மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். பத்து மாதம் ஓடியிருந்தபோதுதான் அந்தத் தொந்தரவு தொடங்கியது.

ஒவ்வொரு நாளும் மாதிரிகளோடு ஒரு வெறும் குப்பியையும் சேர்த்து ஓட்டுவோம், பிளாங்க் என்று. அதில் மாதிரி எதுவும் இருக்காது, சுத்தமான நீரும் அமிலமும் மட்டும். அது கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அழுக்கு நம்மிடமிருந்து வருகிறது என்று பொருள், அன்றைய முடிவு எதையும் வெளியே அனுப்ப முடியாது. நம் பிளாங்கில் ஈயம் வந்தது. மேடம் தாளை உயர்த்திப் பிடித்து, "ஹே குடூன் யேத்தய்?" என்று கேட்டார். எங்கிருந்து வருகிறது? அமிலத்தை மாற்றினோம், குப்பிகளை மாற்றினோம். மறுபடி வந்தது.

நான் என் நோட்டில் தேதிகளைப் பார்த்தேன். மூன்று முறையும் சனிக்கிழமை. மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டேன்.

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருமுனை மாருதி கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவேன் என்பது உனக்குத் தெரியாது. சிலை முழுக்கச் செந்தூரம் அப்பியிருக்கும். விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு பேருந்து பிடிப்பேன். ஆய்வகத்தில் தொப்பியை இழுத்து மாட்டும்போது அது மறைந்துவிடும். மூன்றாவது சனிக்கிழமை வியர்த்தபோது புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிட்டேன். வெள்ளைக் கையுறையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்று. செந்தூரத்தில் சில வகை ஈயத்திலேயே செய்வது என்று பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவள் நான்.

சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். பிளாங்க் சுத்தமாக வந்தது. இதோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். மேடம் விடவில்லை. காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அந்த மூன்று சனிக்கிழமை மாதிரிகளை மறுபடி ஓட்டவும் கூடாது, முடிவை அனுப்பவும் கூடாது என்றார். அந்த மாதிரிகளில் ஒரு குடியிருப்பின் ஆழ்குழாய்த் தண்ணீரும் இருந்தது. அதன் பின்புறத்தில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை. குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் தினமும் தொலைபேசியில் கேட்பார்: "மகளே, எங்க தண்ணி ரிப்போர்ட் வந்துச்சா?" நான்தான் எடுப்பேன். "இன்னும் இல்ல அங்கிள்" என்பேன்.

என் நெற்றியிலிருந்து வந்தது என்று சொன்னால் மேசை உனக்குப் போய்விடும். அழுக்குத் தெருவிலிருந்து வந்தவள், சாமிப் பொடியோடு வேலைக்கு வருகிறவள் என்பார்கள். குடியிருப்புக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீயோ பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொண்டு கதவுப் பிடி, நாற்காலி, தொலைபேசி என்று கண்டதையெல்லாம் துடைத்துச் சோதித்தாய். கடைசியில் என் தொப்பியின் விளிம்பையும். பிறகு தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டாய்: "ஏய், சனிக்கிழமை காலைல நீ எங்கயாச்சும் போவியா?"

"எங்கயும் இல்லியே" என்றேன்.

நீ பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டாய்.

அதற்கடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் உன் ஸ்கூட்டி. உள்ளே நீ தரையில் சம்மணம் போட்டு மூன்றாவது தோசையில் இருந்தாய். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பி, "இன்னாடி, இப்பிடி ஒரு கூட்டாளி இருக்குதுன்னு சொல்லவே இல்ல? எவ்ளோ நல்லா பேசுது பாரு இந்தப் பொண்ணு. நீயும் இருக்கியே, வாயில கொழுக்கட்ட வெச்சினு" என்றாள்.

"ஆன்ட்டி, அவ பேசாம இருந்தே எல்லாத்தையும் நோட் பண்ணிடுவா. டேஞ்சர் அவ" என்றாய் நீ.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தட்டைப் பிடுங்கி உன்னை வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. கிளம்பும்போது, சனிக்கிழமை நான் போகிற கோயில் எங்கே என்று அம்மாவிடம் கேட்டு நேராக அங்கே போனாய். பூசை செய்கிறவரைக் காகா, சித்தப்பா, என்று கூப்பிட்டு மராத்தியில் ஏதோ பேசி, ஒரு காகிதத்தில் செந்தூரத்தை மடித்து வாங்கிக்கொண்டாய். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறேன், அவரோடு நான் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் நீ வந்து நின்ற கோலம் கண்ணிலேயே இருக்கிறது. உன் நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குச் செந்தூரம். "மேடம், இதோ உங்க ஈயம்" என்று உன் நெற்றியைக் காட்டினாய். "நம்மள்ல யார் நெத்தியிலயும் இது இருந்திருக்கலாம். என் நெத்தியையும் சேத்து எழுதிக்கங்க. இனி எல்லாரும் முகம் கழுவிட்டுத்தான் உள்ள வரணும்." எல்லோரும் சிரித்தார்கள். மேடம்கூட. என் நெற்றியில் இருந்தவரை அது அழுக்கு. உன் நெற்றிக்கு ஏறியதும் அறிவியல் ஆகிவிட்டது.

மறுபடி ஓட்டியதில் அந்தக் குடியிருப்புத் தண்ணீரில் ஈயம் இல்லை. குரோமியம் இருந்தது, குடிக்கக் கூடாத அளவுக்கு. என் மௌனத்தால் மூன்று வாரம் அதிகமாகக் குடித்திருந்தார்கள். பெரியவரிடம் அதைச் சொன்னது நீ. நான் பக்கத்தில் நின்றேன்.

அன்று மாலை படியிறங்கும்போது சொன்னாய்: "உன் நோட்டுல மூணு சனிக்கும் வட்டம் போட்டிருந்தத பாத்தேன். நீயே சொல்லுவேன்னு ஒரு வாரம் வெயிட் பண்ணேன்." உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பேருந்தில் உட்கார்ந்து, அந்த ஒரு வாரத்துக்கு நீயும் பொறுப்பு, நீயும்தான் அந்த மக்களைக் காக்க வைத்தாய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் ஒரு குறை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வீடுவரை வந்தேன். நல்லவளாக இருக்கவும் உனக்கு வசதி இருந்தது என்று நினைத்தேன். மேசையை இழந்தாலும் நீ ஔந்துக்குத்தானே திரும்பிப் போவாய்.

மேசை உனக்குக் கிடைத்தது. எனக்குப் பயிற்சியை ஆறு மாதம் நீட்டினார்கள். நீ நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வந்து, காகாவிடம் பேசிப் பேசி, ஈயமில்லாத பொடிக்கு அவரை மாற்றினாய். இப்போதும் தெருப் பிள்ளைகள் என்னிடம், "ஸ்கூட்டி அக்கா எப்ப வரும்?" என்று கேட்கிறார்கள்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. திங்கட்கிழமை காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாய். சனிக்கிழமை நீ இல்லை. உங்கள் குடியிருப்பின் வாசலிலிருந்து படிக்கட்டுவரை செருப்புகள். நான் செத்தால் இவ்வளவு பேர் வருவார்களா என்று அந்த இடத்திலும் எனக்குத் தோன்றியது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் பத்தித்தான் கண்ணு எப்பப் பாத்தாலும் பேசுவா. அவளுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைம்மான்னு சொல்லிட்டே இருப்பா" என்றார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு மாதம் கழித்து உன் மேசையை எனக்குக் கொடுத்தார்கள். வேறு ஆள் இல்லாததால்.

போன மாதம் இரண்டு பெண்கள் புதிதாகப் பயிற்சிக்கு வந்தார்கள். மேடம் அவர்களை மேசைக்கு அழைத்து வந்து, வழக்கம்போல் உன் கதையை ஆரம்பித்தார்: இங்கே இருந்த பெண் எப்படிக் கெட்டிக்காரத்தனமாகச் செந்தூரத்தைக் கண்டுபிடித்தாள் என்று. பலமுறை கேட்ட கதைதான். அன்று எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது.

"மேடம், அத மொதல்ல பாத்தது நான்" என்றேன் இந்தியில். "செந்தூரம் இருந்ததும் என் நெத்தியிலதான். தெரிஞ்சும் மூணு வாரம் சொல்லல."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுத்ததற்குத் தயாராக நின்றேன். திட்டு விழவில்லை. புதிய பெண்களில் ஒருத்தி கண்கள் விரியக் கேட்டாள்: "அவங்க உங்க பேரச் சொல்லவே இல்லியா?"

"இல்ல."

"கித்னி அச்சி தி!" என்றாள், எவ்வளவு நல்லவள் என்று. "போட்டோ இருக்கா அவங்களோட?"

கைப்பேசியில் காட்டினேன். நெற்றி நிறையச் செந்தூரத்தோடு நீ சிரிக்கிறாய். உன் பக்கத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறவள் யார் என்று இருவரும் கேட்கவில்லை. என் குற்றத்தை நானே சொன்ன நாளிலும் கதை உன்னுடையதாகிவிட்டது. நீ இருந்திருந்தால் அன்று படிக்கட்டில் வைத்து உன்னோடு நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

நேற்று பிளாங்கில் துத்தநாகம் ஏறியிருந்தது. புதிய பெண்ணின் கழுத்தில் துத்தநாகம் கலந்த முகப்பவுடர் திட்டாக இருந்ததைக் காலையிலேயே கவனித்திருந்தேன். அறை முழுக்க ஆள் இருக்கும்போதே எழுந்து சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் உடனே சொல்லிவிடுகிறேன். நான் மாறிவிட்டேன் என்று மேடம் நினைக்கிறார். நீ முந்திக்கொள்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.