ருஷாவின் பக்கம்

அன்பு மகள் விதாவுக்கு அம்மா எழுதுவது, இங்கே நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை வரவில்லை. டாக்டரிடம் போகச் சொல்லி அடித்த தந்தி கிடைத்திருக்கும். இடது மார்பு கல்லாகிச் சிவந்து குளிர்காய்ச்சலும் வந்தால் அது பால் கட்டு, உடனே டாக்டரிடம் போ, ஆனால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தாதே, நிறுத்தினால் சீழ் பிடிக்கும். கொடுக்கும் முன் வெந்நீர்த் துணி, கொடுத்த பின் குளிர்ந்த முட்டைக்கோஸ் இலை, காம்பை மட்டும் கவ்வ விடாதே, சுற்றியுள்ள கருவட்டமும் குழந்தை லேனாவின் வாய்க்குள் போகட்டும், சோப்புப் போட்டுத் தேய்க்காதே. முப்பது வருஷமாக மொராவா ஆற்றங்கரையில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் போய் இதையே சொல்லும் நர்ஸ் நான், சொந்த மகளுக்குத் தபாலில் சொல்கிறேன். அப்பா முழங்காலுக்குப் பிளம் சாராயம் தடவுகிறார், உன் அத்தை போசில்கா "வெளிய ஒரு சொட்டு உள்ள ஒரு சீசா, முழங்கால் தொண்டையிலயா இருக்கு அண்ணே?" என்று கேட்டு வம்பு இழுக்கிறாள்.

உன் கடிதத்தில், வலது பக்கம் லேனா குடிக்கும்போது இடது பக்கம் தானாகச் சொட்டுகிறது, யாரோ அங்கேயும் வாய் வைத்த மாதிரி இருக்கிறது, பயந்து அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கமும் சுரக்கும், எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கும் நடந்தது, ஆனால் எனக்கு நீங்கள் இரண்டு பேர். இதை உன்னிடம் மறைத்தது என் தப்பு. நீ வலது, ருஷா இடது, பதினொன்றாம் நாள் அவள் போய்விட்டாள். ஒரே மாதத்தில் பிறந்த உடன்பிறப்புகளில் ஒன்று போனால், புதைக்கும் முன் இரண்டின் காலையும் ஒரு நூலால் கட்டி வெட்ட வேண்டும், வெட்டுகிறவள் இனி நான்தான் உன் கூடப்பிறந்தவள் என்று உயிரோடு இருப்பதற்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போனது கூப்பிடும் என்பது நம் ஊர் வழக்கம். போசில்கா கத்தரியோடு வந்தாள். "நான் படிச்சவ, இந்தக் கூத்தெல்லாம் இங்க வேணாம்" என்று விரட்டிவிட்டேன். அவ்வளவு பேசிய நான் உன்னை இடது பக்கம் வைக்கவே இல்லை, அது அவளுடையது என்று பட்டது. தினமும் நண்பகலில் அந்தப் பக்கம் மட்டும் நனையும். கடைசியில் சீழ் கட்டி அறுத்தார்கள். அடுப்பு சுட்ட தழும்பு என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய்.

நேற்று நண்பகலில் போசில்காவைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். நூலின் ஒரு முனையைச் சிலுவையிலும் மறு முனையை உன் குழந்தைக் காலுறையிலும் கட்டினோம். "ருஷா, விதாவுக்கு இனி நான் இருக்கேன், நீ தூங்கும்மா" என்று போசில்கா வெட்டினாள். காற்று இல்லை. என் கையிலிருந்த பாதி தொங்கிவிட்டது, சிலுவைப் பாதி விறைப்பாகவே நின்றது, அந்தப் பக்கம் பிடிக்க யாரும் இல்லை. ருஷாவிடம், அவள் பக்கத்தை லேனாவுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சி அழுதேன். நூல் தளர்ந்தது. எழுந்தபோது என் ரவிக்கையின் இடது பக்கம் ஈரமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அங்கே ஈரம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு என்று ஊரை விரட்டுகிறவள் நான். திங்கட்கிழமை கட்டாயம் காட்டுகிறேன். இந்த இரண்டு நாள் மட்டும் அவளுக்கு.

நீயும் மாப்பிள்ளையும் லேனாவும் நோய் நொடியில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். கடிதத்தை மடித்து வைத்ததும் லேனாவை இடது பக்கம் வை.

உன்னையும் ருஷாவையும் பெற்ற அம்மா,
தெசான்கா