பதிலுக்கு இடம் விட்ட பெட்டி

நேற்று என் பேத்தி தன் செல்போனை என் கையில் கொடுத்தாள். மீன் விற்கிற பெண்கள், புதிதாகச் செல்போன் வாங்கினவர்கள், அதிலேயே பாடம் படிக்கிற மாதிரி ஒன்று செய்வதுதான் அவளுக்கு வேலை. ‘கூடை மீனுக்கு ஐஸை மேலே போடுவீங்களா, கீழே போடுவீங்களா?’ என்று அது கேட்டது. கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றது. அந்தப் பேசாத நேரத்தில் நீ வந்துவிட்டாய். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் பொன்னேரி பஸ்ஸை விட்டு இறங்கினவள் மாதிரி நின்றாய்.

எண்பதுகளின் தொடக்கம். என் மூத்தவன் கைக்குழந்தை. உனக்கும் என் வயதுதான். தோளில் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் குப்பத்துக்கு வந்தாய். படிக்காத பெண்களுக்குக் கேசட்டில் பாடம் செய்வது உன் வேலை. பாட்டுக் கேட்கிற பெட்டி என்று நினைத்து எல்லாரும் ஓடி வந்தோம். அதுவோ, “அன்பார்ந்த தாய்மார்களே” என்று ஆரம்பித்து, குழந்தைக்குக் கழிச்சல் கண்டால் என்ன செய்வது என்று மூச்சு விடாமல் பேசியது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா என் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னாமே உன் பொட்டி, ஊர்லேர்ந்து வந்த மாமியா மாறி அதும்பாட்டுக்குப் பேசிக்கினே கீது! நம்மள ஒரு வார்த்த பேச வுடுதா?” என்றாள்.

மறுநாள் கூட்டம் பாதியானது. அப்புறம் நானும் கன்னியம்மா அக்காவும்தான். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் பெட்டியை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவதாக உன் அதிகாரி சொல்லிவிட்டார். அதை என்னிடம் வந்து சொன்னாய். அந்த வருஷம் கழிச்சலில் எங்கள் தெருவிலேயே பிள்ளைகள் போயிருந்தன. மடியில் என் பிள்ளை. பெட்டி போய்விட்டால் எங்களுக்கு யார் சொல்லுவார்கள்?

அன்றைக்கு ஏரிக்கரையில் ஒரு கூட்டம் ஆண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் வேறு ஆட்கள் வலை கட்டியிருந்தார்கள்.

“இவங்க ஏன் போகல?” என்று கேட்டாய்.

“இன்னிக்கி இவங்க பாடு இல்ல. நாளைக்கித்தான்.”

“பாடுன்னா?”

“மொறைதான். இன்னிக்கி அவங்க, நாளைக்கி இவங்க. ஒருத்தரே தெனமும் கட்டினா மத்தவன் இன்னா பண்ணுவான்?”

நீ ஏரியைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். “என் பெட்டி மட்டும் தெனமும் வலை கட்டிக்கிட்டு நிக்குது! உங்களுக்குப் பாடே விடல!”

அங்கேயே, படகு நிழலில் உட்கார்ந்து புதுக் கேசட் பதிந்தாய். என்னை எதிரில் உட்காரவைத்தாய். “நான் கேப்பேன். நீ மனசுக்குள்ள பதில் சொல்லு. சொல்லி முடிச்சதும் தலையாட்டு. அதுவரைக்கும் நான் பேச மாட்டேன்.” ஐந்தாவதோடு என்னை நிறுத்தின பிறகு யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை, தெரியுமா? கறிக்கு உப்புப் போட்டாயா என்பதைத் தவிர. நீ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாய். டேப் சுற்றிக்கொண்டிருந்தது. காக்கை கத்தியது, தண்ணீர் படகில் தட்டியது. நான் யோசித்து முடிக்கிற வரை அந்த மெஷினும் நீயும் எனக்காகக் காத்திருந்தீர்கள். கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

பெண்களைக் கெஞ்சிக் கூட்டி வந்து அதைப் போட்டோம்.

“புள்ளைக்குக் கழிச்சல் வந்தா நீ என்ன குடுப்ப?” என்று கேட்டுவிட்டுப் பெட்டி நின்றது.

“பேட்டரி பூட்ச்சா?” என்றாள் ஒருத்தி.

“இன்னாத்த குடுக்கறது? வயித்தக் காயப் போடணும்!” என்று கன்னியம்மா அக்கா பெட்டியைப் பார்த்து அதட்டினாள்.

பெட்டி பேசியது. “எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா, வாடுற செடிக்குத் தண்ணி ஊத்தாம இருப்பமா?”

கன்னியம்மா அக்கா வாயில் கை வைத்தாள். “அடியே, இதுக்குக் காது கேக்குதுடி!”

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அக்கா பதில் சொல்லி முடித்ததும் நான் தலையாட்டியிருந்தேன், பழக்கத்தில்.

மறுவாரம் அதிகாரி ஜீப்பில் வந்தபோது தெருவே உட்கார்ந்திருந்தது. பெட்டி கேள்வி கேட்டு நிறுத்தின நேரம் பார்த்து அவர் ஏதோ பேச வாயெடுத்தார். கன்னியம்மா அக்கா திரும்பினாள். “சார், சும்மா இரு. இது எங்க பாடு. அது எங்களத்தான் கேக்குது.” எல்லாருமாகச் சேர்ந்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் என்று பெட்டிக்குக் கத்திப் பதில் சொன்னார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டார். பெட்டி எங்கள் ஊரிலேயே தங்கியது. மழை முடிந்து என் மூத்தவனுக்குக் கழிச்சல் கண்டது. கன்னியம்மா அக்காதான் ஓடி வந்து கரைத்துக் கொடுத்தாள். அவன் பிழைத்தான்; அவன் மகள்தான் செல்போனில் பாடம் செய்கிற இந்தப் பேத்தி.

அவள் முதலில் செய்த பாடமும் மூச்சு விடாமல்தான் பேசியது. “கேட்டா நில்லுமே, பதிலுக்கு இடம் வுடு” என்றேன். “அஞ்சாவது படிச்சிட்டு என் வேலையில கை வைக்கிறியே, ஆயா!” என்று சிரித்தாள். ஆனால் இடம் விட்டாள். எவ்வளவு நேரம் விடுவது என்று தெரியாமல் என்னை எதிரில் உட்காரவைத்தாள். நான் தலையாட்டுகிற வரை காத்திருந்தாள்.

உன் கேசட் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போட்டுக் கேட்க மெஷின் இல்லை. போட்டாலும் பதிலுக்கு விட்ட இடத்தில் என் குரல் இருக்காது. நான் யோசித்த நேரம் மட்டும் இருக்கும், காக்கைச் சத்தத்தோடு. என்னை ஒருத்தி கேட்டாள், கேட்டுவிட்டுக் காத்திருந்தாள் என்பதற்கு எனக்கு அது போதும்.

இப்போது நான் கேட்கிறேன். என் பேத்தியின் பாடம் எப்படி இருக்கிறது?

அவசரமில்லை. சொல்லி முடித்ததும் தலையாட்டு. அதுவரைக்கும் நான் பேச மாட்டேன்.