அண்ணத்தில் கரித்த உப்பு

வியாழன், இரவு

இன்று வீட்டுக்காரருக்குத் தையல் பிரித்தார்கள். மேல் அண்ணத்திலிருந்து எடுத்தது அரிய வகை நீர்க்கட்டிதான், புற்று இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அது தெரியாமல் முதலில் பார்த்த கிளினிக்கில் நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்திருக்கிறார்கள்.

"வாய்ல உப்புக் கரிச்சிருக்குமே? கட்டியில கசிஞ்ச தண்ணிதான் அது," என்றார் டாக்டர்.

மாதக்கணக்கில் என் சமையலைத் திட்டிய மனுஷர் கூரையைப் பார்த்தார். அவர் தொல்லை தாங்காமல் குழம்பில் உப்பையே நிறுத்தியிருந்தேன். ஃபெர்ரியில் வீடு திரும்பும்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். ம்ஹூம்.

ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை நாள் குடிக்க மைலோவும் கஞ்சியும்தான். இன்றுதான் சோறு. மீன் குழம்பை ஒரு வாய் வைத்தார்.

"என்னா இது, உப்பே இல்லலா!"

உப்புப் போத்தலை அவர் தட்டில் கவிழ்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.