அவன் சிவபாண்டி இல்லை

விருதுநகர்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி சரவணக்குமாருக்கு, அக்கா சுகிர்தா எழுதுவது.

இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே இந்தூரில் உன் ஆலைக்கு ஆர்டர் நன்றாகக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். நேற்றிலிருந்து என் போனை நீ எடுக்கவில்லை. அதனால் இதைத் தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீ பார்த்துவிட்டாய் என்பது எனக்குத் தெரிந்துவிடும், ஒளியாதே.

பட்டாசு ஆலை முதலாளிகளுக்கு ஆள் பதிவு, பயிற்சிச் சான்று, இஎஸ்ஐ எல்லாம் ஒழுங்காக முடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வேலை பார்க்கிற ஆள் ஒருவன், பதிவில் பேர் வேறொருவன் என்று வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிறேன். சொந்தத் தம்பி என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறாய். மருந்து கலக்கப் பயிற்சி முடித்த சிவபாண்டி, பங்குனிப் பொங்கலோடு திருப்பூருக்குப் போய்விட்டான் என்று என்னிடம் சொல்லவே இல்லை. அவன் இடத்தில் ஒடிசாக்காரன் ஒருவனை நிறுத்தி, அதிகாரி கேட்டால் சிவபாண்டி என்று சொல்லப் பழக்கியிருக்கிறாய். ஒரு மாசம் பொறுத்திருந்தால் அவனையும் பயிற்சிக்கு அனுப்பி, அவன் பேரிலேயே சான்று வாங்கித் தந்திருப்பேனே! சீசனாம், ஆர்டராம். நல்லா வருது வாயில.

நேற்று நடந்ததைக் கேள். கலவை அறையில் புகை கிளம்பியதும் போர்மேன் மொக்கைச்சாமி வெளியிலிருந்து, "ஏலே சிவபாண்டி, ஓடியாலே!" என்று கத்தியிருக்கிறார். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். உள்ளே இருந்த அந்த ஒடிசாக்காரன் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் தீயில் மாட்டிக்கொண்டானாம். அதிகாரி முன்னால் சொல்லிக்கொடுத்த பேர், உயிர் போகிற நேரத்தில் காதில் எப்படி ஏறும்? ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேர் கேட்டபோதுதான், வெள்ளை உடுப்பைப் பார்த்து அதிகாரி என்று நினைத்தானோ என்னவோ, சிவபாண்டி என்று சொல்லிவிட்டு மயங்கிவிட்டான்.

சிவபாண்டி பேரில் இருந்த விலாசத்துக்குத் தகவல் போய், ஆமத்தூரிலிருந்து அவன் அம்மா கருப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார். தன் மகன் இல்லை என்று தெரிந்ததும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இந்தப் புள்ளையோட ஆத்தாளுக்குச் சொல்லிட்டீகளா?" என்று என்னைக் கேட்டார்.

யாருக்குச் சொல்ல? ஆலையில் எல்லாருக்கும் அவன் வெறும் 'ஒடிசா'. தனியாக வந்தவன். போனும் எரிந்துவிட்டது. ஓடிவிடக் கூடாது என்று அவன் ஆதார் அட்டையை வாங்கி உன் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறாயாம், கணக்குப்பிள்ளை சொன்னார். அவன் பேரும் ஊரும் உன் பையில் கிடக்கிறது. நீயோ, சிவபாண்டி என்றே இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லுங்கள் என அவரிடம் சொல்லியனுப்புகிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு? நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக் காலையில் அதிகாரியிடம் நானே போய் உள்ளதைச் சொல்வேன். உன் ஆலை லைசன்ஸ் போனால் போகட்டும்.

உடம்பில் பாதிக்கு மேல் வெந்திருக்கிறது. டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. கருப்பம்மாள் கட்டிலருகிலேயே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் காசு வைத்து முடிய ஆரம்பித்தார். முடிச்சைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு, "என்ன பேரு சொல்லி வேண்ட, தாயி?" என்றார். எனக்குத் தெரியவில்லையடா.

திட்டி முடித்துவிட்டேன். இப்போது கெஞ்சுகிறேன். அந்த அட்டையை வெளியே எடு. அவன் பேரை அனுப்பு.

உன் அக்கா,
சுகிர்தா