நூலகத்தில் றபான் அடித்த நாள்

புதன்கிழமை, இரவு

ஐம்பது வயதில் இன்றுதான் பொது நூலகத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். சொல்ல வெட்கம்தான். அதுவும் வாசிக்கப் போகவில்லை. வாசிப்பு மாத விழாவில் றபான் என்ற கைமேளம் அடித்துப் பாடும் எங்கள் குழுவுக்கு ஒரு இடம் கேட்கப் போனேன்.

"கடிதம் எழுதித் தாங்க காக்கா. எத்தின பேர், எவ்வளவு நேரம் எண்டு போடுங்க," என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் நூலகப் பொறுப்பாளர் மிஸ். "முதல்ல ஒருக்கா அடிச்சிக் காட்டுங்க. சத்தம் கூடினா தர ஏலாது."

"பயப்பிடாதீங்க மிஸ், இங்க தூங்குற ஆக்கள் எழும்ப மாட்டாங்க."

மிஸ் சிரிக்கவில்லை.

ஏசிக் குளிரில், கையோடு கொண்டுபோன றபானின் தோல் தளர்ந்து கிடந்தது. மேசையில் இருந்த பத்திரிகையை எடுத்துப்போய், வெளியே மாமரத்தடியில் கொளுத்தித் தோலைச் சூடாக்கி இறுக்கிக்கொண்டு வந்தேன்.

மெல்ல அடித்து, பைத் என்கிற புகழ்ப்பாட்டு ஒன்று பாடினேன். சத்தம் அலுமாரிகளுக்கு இடையே கடற்காற்றுப் போல நடந்து போனது. புத்தகங்கள் எல்லாம் மூச்சை அடக்கிக் கேட்டன. இப்போதும் கண்ணை மூடினால் அந்த அறைக்குள்தான் மிதக்கிறேன்.

"சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்க காக்கா. அரை மணித்தியாலம்," என்றார் மிஸ்.

பிறகு இன்றைய பத்திரிகையைக் காணவில்லை என்று மேசை மேசையாகத் தேடினார். நானும் கூடத் தேடினேன்.