கேட்க ஆள் இருக்கிறது

பிப்ரவரி 4, செவ்வாய்

பணி ஓய்வு பெற்று இன்றோடு ஐந்து மாதம். காலையில் அலமாரியைத் துடைத்தேன். மதியம் திரும்பவும் அதே அலமாரி. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அதுக்கு வாய் இருந்தா அழுதிடும்" என்றார்.

சாயங்காலம் நூலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமைகளில் நூலக வாசலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் பேசுவதைக் கேட்க ஆள் வேண்டுமாம். சம்பளம் இல்லை. தகுதி: 'காது போதும்.' சிரித்துவிட்டேன். பேரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவரிடம் சொன்னதற்கு, "ஊர்க்கதையெல்லாம் கேக்கப் போறியா? வீட்டுல ஒருத்தன் முப்பத்திரண்டு வருஷமா வரிசையில நிக்கிறேன். எனக்கு எப்ப டோக்கன்?" லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எதைச் சொன்னாலும் ஒரு மாடி ஏற்றிவிட்டு உடனே இறக்கிவிடுவார்.

பிப்ரவரி 8, சனி

பயிற்சி. நூலகத்து மாடியில் ஏழு பேர். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் கேட்கக் கூடாது. எதையும் எழுதக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. 'எனக்கும் அப்படித்தான்' என்று ஆரம்பிக்கவே கூடாது. ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும்; அதைப் பேச வருகிறவருக்கும் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

முப்பத்தோரு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் நான். எத்தனையோ பேர் கூண்டில் நின்று அழுதிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்ததில்லை, பார்த்தால் ஒரு வரி விட்டுப்போகும். இப்போது முகத்தைப் பார்த்தே கேட்க வேண்டுமாம். சரி, கையை எங்கே வைத்துக்கொள்வது?

பிப்ரவரி 15, சனி

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு பலகை. 'சும்மா பேசலாம். கேட்க ஆள் இருக்கிறது. இங்கே சொல்வது இங்கேயே இருக்கும்.'

முதலில் வந்தவர்: "டாய்லெட் எந்தப் பக்கங்க?"

இரண்டாமவர்: "கைரேகை பாப்பீங்களா?"

மூன்றாவதாக ஒரு காவலாளி, சீருடையோடு. எதிரே உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து நிதானமாகத் தின்றார். இருபது நிமிஷம் ஒரு வார்த்தை இல்லை. பிறகு பையை மடித்துக்கொண்டு, "ரொம்ப நாளாச்சுங்க, யார் கூடவாவது உக்காந்து சாப்பிட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இடது தொடை வலிக்கிறது. நேற்று முழுக்க விரலால் அதன்மேல் சுருக்கெழுத்து எழுதியிருக்கிறேன் போல.

மார்ச் 1, சனி

இன்றைக்கு ஒரு அழகு நிலையத்துப் பெண். "நாள் பூரா மத்தவங்க பேச, கேட்டுக்கிட்டே முடி வெட்டறவ நான். கத்தரிக்கோல் பிடிச்சவளுக்குக் கவலையே இருக்காதுன்னு நினைச்சுக்கறாங்க" என்றாள். அண்ணனோடு பேச்சு நின்று பதினோரு வருஷம். சண்டை எதற்கு என்று கேட்கவில்லை. அவளே யோசித்துப் பார்த்தாள், அவளுக்கும் முழுசாக ஞாபகம் இல்லை. அழுகையும் சிரிப்புமாக எழுந்தவள், "அப்பாடா!" என்றாள். உடனே, "உங்க முடியைப் பின்பக்கம் யாரு வெட்டினது? ஒரே கோணல்."

அவர்தான் வெட்டினார். சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏன் இன்றைக்கு?

நாலு மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பேருந்து ஓட்டுநர் சட்டை, பருத்த உடம்பு, சிவந்த கண். உட்காருவதற்கு முன் பலகையை இரண்டு தடவை படித்தார். "இங்கேயே இருக்கும்னு போட்டிருக்கே, நிஜமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். விதிவிலக்கைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். அப்புறம் நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டு மாதமாகவே அப்படித்தானாம். "கண்ணு திறந்துதான் இருக்கும்மா. கை ஸ்டீயரிங்லதான் இருக்கும். நடுவுல நாலு செகண்ட் காணாமப் போயிடுது. சிக்னல் வரைக்கும் எப்படி வந்தேன்னே தெரியாது." போன புதன்கிழமை, மருத்துவமனை முனையில், பாதசாரிக் கோட்டைத் தாண்டித்தான் வண்டி நின்றதாம். எதிரே குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். இடைவெளி ஒரு கை நீளம். "அந்தப் பொண்ணு என்னைத் திட்டலை. கையை ஆட்டிட்டுப் போச்சு, நான் வேணும்னே வழி விட்டேன்னு நினைச்சுக்கிட்டு."

டிப்போவில் சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வீட்டில் சொன்னால் மனைவி உடைந்துபோவாள். யாரிடமும் சொல்லவில்லை. "நாளைக்கு லீவு. திங்கக்கிழமை காலையில இந்த ஊர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து முதல் டிரிப். உங்ககிட்ட கொட்டினதுல மனசு லேசாயிடுச்சும்மா."

கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கனத்தை என் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே சிஸ்டருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "விதிவிலக்கை அவர்கிட்ட முதல்லயே சொன்னீங்களா?"

"இல்லை சிஸ்டர்."

"சரி. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்குக் காலையில டிப்போவுக்கு நான் போன் பண்ணிடறேன்."

எனக்கு ஒப்பவில்லை. நம்பி வந்தவரை முதுகுக்குப் பின்னால் காட்டிக்கொடுப்பதா? நானே போய் நேரில் சொல்கிறேன், அவரே சொல்லிவிட்டால் நல்லது என்றேன். சிஸ்டர் யோசித்தார். "வண்டி கிளம்பறதுக்குள்ள எனக்குத் தகவல் வரணும். இல்லேன்னா பண்ணிடுவேன். ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டேன்."

ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் பளு தூக்கும் சங்கிலி அறுந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். சாட்சிக்கு வந்த துப்புரவுத் தொழிலாளிக்கு ஒரு வாரம் முன்பே தெரியுமாம், சங்கிலி தேய்ந்திருந்தது. "ஏன் சொல்லவில்லை?" என்று நீதிபதி கேட்டார். "யாரும் கேக்கலைங்க." அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். அன்றைக்கு வீட்டில் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

இன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் தட்டையும் என்னையும் பார்த்தார். "கோர்ட்டுல கொலைக்கேஸ் நடந்தப்பகூட நீ சோத்தை ஒதுக்கினதில்லை."

"சொல்ல முடியாதுங்க."

"நான் கேக்கவே இல்லையே. மோர் ஊத்தட்டுமா?"

மார்ச் 10, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

ஐந்தரை மணிக்குப் பேருந்து நிலையம். அவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அட, நீங்களா! இவ்வளவு காலையில எங்கம்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே என் பாதித் தைரியம் போய்விட்டது.

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன். சனிக்கிழமை ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா நாங்க வெளியே சொல்லியே ஆகணும். முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான்."

அவர் கை கண்ணாடியிலேயே நின்றது. "இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"இந்த வண்டியை நீங்க எடுக்கக் கூடாது. உள்ளே போய் நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்லலேன்னா, கிளம்பறதுக்குள்ள எங்க சிஸ்டர் டிப்போவுக்குப் போன் பண்ணிடுவாங்க. உங்களுக்குத் தெரியாம நடக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

முகம் கறுத்துவிட்டது. "சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கும்."

"ஆமா. திட்டுங்க."

"என் வேலை போனா நீங்க சோறு போடுவீங்களா?"

"என்னால முடியாது."

பொய் சொல்லத் தோன்றவில்லை. வண்டிக்குள் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். ஒரு கிழவர் ஜன்னல் வழியாக, "எப்ப எடுப்பீங்க?" என்று குரல் கொடுத்தார். இவர் படியில் கால் வைத்தார். அப்போது என்ன வந்ததோ எனக்கு, குறுக்கே போய் நின்றுவிட்டேன். இந்த வயதில், பேருந்துப் படியில், முன்பின் தெரியாத மனுஷனுக்கு முன்னால்!

"அந்தத் தள்ளுவண்டி விஷயத்தை எதுக்கு என்கிட்ட சொன்னீங்க? யாருக்குமே தெரியாதே. அந்தப் பொண்ணுக்கே தெரியாது. எதுக்குச் சொன்னீங்க? யாராவது தடுக்க மாட்டாங்களான்னுதானே?"

நின்றார். பிறகு அப்படியே கீழ்ப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். அது கண்ணாடி துடைத்த அழுக்குத் துணி.

கடைசியில் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு டைம் கீப்பர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறொரு ஓட்டுநர் கொட்டாவி விட்டபடி வந்து, பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வண்டியை எடுத்தார். கிழவர் அவரைத் திட்டினார். நான் சிஸ்டருக்குப் போன் செய்தேன். "அவரே சொல்லிட்டார்" என்றேன்.

வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

வேலை போயிருக்குமோ?

மார்ச் 15, சனி

பலகையை மாற்றிவிட்டோம். 'இங்கேயே இருக்கும்' என்பதற்குக் கீழே இன்னொரு வரி: 'ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி தேடுவோம்.' இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "அதுவும் நல்லதுதான்" என்று உட்கார்ந்தார்.

காது கொடுத்தேன். மனசு கொடுக்க முடியவில்லை. அவர்கள் எழுந்து போன பிறகுதான் உறைத்தது. பாவம்.

மார்ச் 29, சனி

சிஸ்டரிடம் நின்றுவிடுகிறேன் என்றேன். "நின்னுக்குங்க. ஆனா இன்னைக்கு நாலு மணி வரைக்கும் ஆள் இல்லை, அதுவரைக்கும் உக்காருங்க" என்றார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

அப்பாடா. அப்பாடா. அப்பாடா.

மூன்று மணிக்கு ஒரு பெண்மணி வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார். கையில் பை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "படியில குறுக்க நின்ன அம்மா நீங்கதானே?"

அறைவதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

அவர் உட்கார்ந்தார். "நான் அவர் சம்சாரம்."

டிப்போவிலிருந்தே டாக்டரிடம் அனுப்பினார்களாம். ஒரு நாள் படுக்க வைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்களாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை. மனுஷன் தூங்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவர் தூங்கவே இல்லை. இப்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின்.

"இருபத்தாறு வருஷமா அந்தக் குறட்டையிலதான் படுத்திருக்கேன். மெஷின் மாட்டின முதல் நாள் சத்தமே இல்லை. பதறி எழுந்து நெஞ்சு ஏறி இறங்குதான்னு கையை வெச்சுப் பாத்தேன். 'அடியே, உயிரோடதான் இருக்கேன், தூங்க விடு'ன்னார். அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரலை!" சொல்லும்போதே சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. எனக்கும்தான். விதியில் அழக் கூடாது என்று இல்லை.

வேலை போகவில்லை. டிப்போவில் உதிரிபாக அறையில் போட்டிருக்கிறார்கள். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்து, திரும்ப ஓட்டிக் காட்டினால் வண்டி கொடுப்பார்களாம்.

"என் மேல கோபமா இருக்காரா?" கேட்டே விட்டேன்.

"இருக்கு. உங்க பேச்சு வந்தா மூஞ்சியைத் திருப்பிக்குவார். ஆனா இப்ப நல்லாத் தூங்கறார். வயிறு நிறையத் தூங்கற மனுஷனுக்கு எத்தனை நாளைக்குக் கோபம் தாங்கும்?"

அவர் அனுப்பித்தான் வந்தீர்களா என்று கேட்டேன். "இல்லை, நானாத்தான் வந்தேன். அதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க." சொல்லி முடித்ததும் பலகையைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். "கேஸ் ஜெயிச்சாச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

மே 10, சனி

சிஸ்டரிடம் இப்போதெல்லாம் நின்றுவிடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைக்கு ஐந்து பேர். ஒருவர் புறா வளர்ப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். முகத்தைப் பார்த்தபடியே கேட்டேன். புறாக்களைப் பற்றி இப்போது எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

பல் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது வந்த பேருந்தில் ஏறினேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன், ஓட்டுநர் இருக்கையில் அவர். கொஞ்சம் இளைத்திருந்தார். கண் வெள்ளையாக இருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். நான் உட்காரும் வரை வண்டியை எடுக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

மருத்துவமனை முனையில் பாதசாரிக் கோட்டுக்கு முன்பே வண்டி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடந்து போனார்கள். அதைத் தாண்டியதும் ஜன்னல் காற்று வந்தது. பல் ஊசி மருந்தின் அசதி வேறு.

யாரோ கம்பியைத் தட்டினார்கள். கண் விழித்தால் வண்டி காலி. அவர் இருக்கையிலிருந்து எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா. கடைசி ஸ்டாப்."

வீட்டைத் தாண்டி ஆறு நிறுத்தம் வந்திருக்கிறேன். பதறிப்போய்ப் பையைத் தேடினேன்.

"உக்காருங்க, உக்காருங்க. திரும்ப அந்த வழியாத்தான் போறேன். இறக்கி விட்டுடறேன்."